படகுக்குப் பின்னால் ஒரு பால்கனி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் வருகிறது, சமதரையில் மறந்துவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி உன் கையால் எழுது, படித்துக் காட்டச் சொல்லி இனி யார் வாசலிலும் நான் நிற்க வேண்டியதில்லை. மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்ற பிறகு நான் எழுதும் முதல் நீளமான கடிதம் இது. ஒரு வரி எழுதுகிறேன், டீ குடிக்கிறேன், அடுத்த வரிக்குப் போகிறேன். "உங்க கடுதாசி முடியறதுக்குள்ள டீத்தூள் முடிஞ்சுடும்" என்கிறாள் உன் அம்மா.

போன வருஷம் நீ டிக்கெட் அனுப்பி, நாங்கள் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, கதவை மூடப்போகும் நேரத்தில் இவள் எழுந்து இறங்கிவிட்டாளே, அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டாள், என்னிடமும் அப்போது பேசவில்லை. இவள் சுபாவம் உனக்குத் தெரிந்ததுதான், மூடிய இடம் என்றால் மூச்சு முட்டும், குளியலறைக்குக்கூடத் தாழ் போடாமல், உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று உரக்கப் பாடிக்கொண்டே குளிப்பாள். ஆனால் போனில் சின்னவள் முகத்தைப் பார்த்து முடித்த பிறகு, அணைந்த போன் கண்ணாடியை முந்தானையால் சும்மா துடைத்துக்கொண்டே இருப்பாள். பேத்தியை ஒரு தடவைகூடத் தூக்காமலே காலம் போய்விடும் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது.

அப்போதுதான் ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே பயணச் சீட்டுப் போடும் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை நானே கூட்டிப் படித்தேன். சீசன் முடிந்து உல்லாசக் கப்பல் ஒன்று இங்கிருந்து வேறு துறைமுகத்துக்கு மாறுகிறதாம், பால்கனி அறைகள் தள்ளுபடியாம். கடைசியாகப் போட்டிருந்த ஊர் உன் ஊர். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி படித்தேன், அதற்குள் பஸ் போய்விட்டது, போகட்டும்.

மறுநாள் உன் அம்மாவைக் கூட்டிப் போனேன். கடையில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் கப்பலைக் காட்டினாள், பக்கவாட்டில் அடுக்கடுக்காகப் பால்கனிகள். கயிற்றில் தொங்கி மாடிக் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான், பால்கனியை வெளியிலிருந்தே பார்த்துப் பழகியவன், உள்ளே நிற்கப் போகிறோம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள் அறைகள் மலிவு, ஆனால் ஜன்னலே கிடையாது, அது இவளுக்கு ஆகாது. நல்ல பால்கனி அறைகள் நம் கைக்கு எட்டாது. தள்ளுபடியில் மிஞ்சியிருந்தவை இரண்டு. ஒன்று ஆட்டம் பாட்டம் நடக்கும் கூடத்துக்கு நேர் கீழே. மற்றதைக் காட்டும்போது அந்தப் பெண் தயங்கி, "முன்னாடியே சொல்லிடறேன் ஐயா, இதுல பாதிக் கடல்தான் தெரியும், பால்கனிக்கு நேர் முன்னால உயிர்காக்கிற படகு தொங்கும், அதனாலதான் விலை கம்மி" என்றாள்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. உன் அம்மாவோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விசாரணையில் இறங்கினாள். அந்தப் படகுக்கு மோட்டார் உண்டா, அதை இறக்குவது யார், பால்கனிக் கதவை எந்த நேரமும் திறக்கலாமா, குளியலறைக்குத் தாழ் போட்டே ஆகவேண்டுமா. எல்லாம் கேட்டு முடித்து, "ஆபத்துன்னா எல்லாரும் படகைத் தேடி ஓடுவாங்க, எங்க வாசல்லயே படகு நிக்குது. இதுக்கு விலை கூடுதலாக் கேக்கணும், நீங்க என்னடான்னா கொறைக்கிறீங்க" என்றாள். விலையை ஏற்றிவிடப் போகிறார்களே என்று நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். "ஏங்க மிதிக்கிறீங்க, உள்ளதைத்தானே சொல்றேன்" என்று அதையும் உரக்கவே சொன்னாள். உங்களுக்கு ஒதுக்கும் படகு வேறாகவும் இருக்கலாம் அம்மா என்று அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்ல, "இருக்கட்டும், கண்ணு முன்னால ஒண்ணு இருந்தாத் தூக்கம் வரும், அதையே போடுங்க" என்றாள்.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இவளை நான் முழுக்கப் பார்க்கவில்லை பாப்பா. ஊரார் குறை என்று ஒதுக்கிய அறையை, பார்த்த மாத்திரத்தில் தனக்கானது என்று கண்டுகொண்டாள். நானாக இருந்தால் கடல் தெரியவில்லை என்று எழுந்து வந்திருப்பேன். வரும் வழியில், "பிளேன்ல எறங்க வழியில்லன்னுதான் பயந்தேன். இங்க கதவைத் தொறந்தா காத்து, காத்துக்கு அந்தப் பக்கம் படகு. கடலைப் பாக்கவா போறோம்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கித் தட்டி வெயிலில் வைத்துவிட்டாள்.

போனில் விமானப் பேச்சை எடுக்காதே. எங்களுக்காகக் கட்டில் கிட்டில் வாங்காதே, பாய் போதும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். சின்னவள் நடக்கத் தொடங்கியிருக்கிறாள், சமையலறை வாசலில் குறுக்கே ஏதாவது வை. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், கை நிறைய வேலையும் வாய் நிறையச் சிரிப்புமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கப்பல் கரையில் அணையும்போது எங்கள் பக்கம்தான் உங்களைப் பார்த்து இருக்குமாம், கேட்டுவிட்டேன். அத்தனை பால்கனியில் எங்களைத் தேடித் திண்டாடாதே. முன்னாலிருந்து மூன்றாவது ஆரஞ்சுப் படகைப் பார். அதற்கு மேலே இரண்டு தலை தெரியும், வழுக்கை நான். சின்னவளை நன்றாக உயரத் தூக்கிப் பிடி, படகு மறைக்கும்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா