ஓட்டைவாய் சொல்லாத முடிவு

அக்காவுக்கு,

போனில் பேசினால் உளறிவிடுவேன். அதனால்தான் மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று வீடியோ காலில் என் கண் வீங்கியிருப்பதைப் பார்த்து, "என்னடி, அழுதியா?" என்றாய். நம் ஜப்பானிய மங்கா காமிக்ஸின் கடைசிப் பாகத்தைப் படித்தேன், அதான் என்றேன். உடனே, "அந்த ஒத்தைக்கை வீரன் பிழைக்கிறானா? இப்பவே சொல்லிடுடி" என்றாய். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று பல் கிளினிக் ரிசப்ஷனில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டேன். டாக்டர் முறைக்கிறார்.

நீயா முடிவைக் கேட்கிறாய்? அந்த விண்வெளிப் படத்தின் மூன்றாம் பாகத்தில் கேப்டன் சாவதை நான் சொல்லிவிட்டேன் என்று ஒரு மாதம் என்னோடு பேசாதவள் நீ. "முடிவு தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்குடி உட்கார்ந்து பார்க்கணும்?" என்று கத்தினாய். எனக்கு ஓட்டைவாய் என்று பேர் வைத்ததும் அன்றுதான். நான்காம் பாகத்தில் கேப்டன் திரும்பி வந்தபோது தியேட்டரே திரும்பிப் பார்க்க விசிலடித்தவளும் நீதான்.

இப்போது என்ன அவசரம்? அந்த ஆஸ்பத்திரி வார்டில் யார் உன்னிடம் என்ன சொன்னார்கள்? வேண்டாம், அதை எனக்கு எழுதாதே.

நீ தலைகீழாக நின்றாலும் சொல்லமாட்டேன். மிச்சமிருக்கிற இரண்டு கீமோ ஊசியையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து நீயே படி. புத்தகம் உன் தலையணை மேல் இருக்கிறது.

அதன் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் பிரிக்கவே இல்லை, அக்கா.

இப்படிக்கு,
உன் ஓட்டைவாய்