இருக்கையில் ஆள் இல்லை

மே 22, வியாழன் காலை

அன்புள்ள மேரன்,

அலாஸ்காவில் நீ உடம்பாலும் மனதாலும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் நலம். வீடு நலம். நாய் தேவைக்கு மேல் நலம், வயிறு தரையைத் தொடுகிறது. உன் அப்பா நலம் என்று உன் அப்பா சொல்கிறார். புல் வெட்டும் டிராக்டர் நலமில்லை, மூன்று வாரமாக இந்த வீட்டில் வேறு பேச்சில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேசினால் அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவார். கடிதத்தில் அது நடக்காது. அவர் எழுந்திருக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

அந்த டிராக்டரை உனக்குத் தெரியும். நீ எட்டாவது படிக்கும்போது வாங்கியது, சிவப்பு, இன்று அதைச் சிவப்பு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. மே மாதம் முதல் சனிக்கிழமை கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தார். கிளம்பியது. வீட்டு முன்னால் இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. பின்பக்கம் செப்டிக் டேங்க் மேட்டில் ஏறிக் குலுங்கியதும் செத்தது. சாவியைத் திருப்பினால் கிளம்பும். சமதளத்தில் ஓடும். மேட்டில் குலுங்கினால் சாகும். இதில் ஒரு துப்பு இருக்கிறது என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். ஆனால் உன் அப்பா நாற்பது வருடம் பால்பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்த்தவர், கண்ணெதிரே இருப்பதை மட்டும் பார்க்க மாட்டார். பழைய பெட்ரோல் என்றார். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் முதல் காரணம் பழைய பெட்ரோல்தான், சர்ச் மணி அடிக்காமல் போனாலும் அதைத்தான் சொல்வார்கள். தொட்டியைக் காலி செய்து புதிது ஊற்றினார். மேட்டில் செத்தது. வடிகட்டியை மாற்றினார். செத்தது. ஸ்பார்க் பிளக். செத்தது. பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, நான் ரொட்டி மாவு பிசையும் மேசையில் ஒரு பழைய துண்டை விரித்துப் பாகம் பாகமாகப் பரப்பி, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். யாருடைய பிரஷ் என்று கேட்டேன். நம்முடையதுதான் என்றார். முப்பத்தெட்டு வருடத் திருமணத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு தாடிக்காரன். யாரோ ஒருவன், எங்கேயோ ஒரு கொட்டகையில், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நூறில் தொண்ணூறு தடவை இக்னிஷன் காயில்தான் கோளாறு என்கிறான். இவர் தலையாட்டுகிறார். நான் சொன்னால் ஒரு தடவைகூட ஆடாத தலை. காயில் தபாலில் வந்தது. மாட்டினார். செத்தது.

சும்மா விட்டிருப்பேன். ஆனால் இந்த வருடம் சர்ச் கல்லறையில் புல் வெட்டும் முறை நம் வீட்டுக்கு. வரும் திங்கள் போரில் இறந்தவர்களின் நினைவு நாள், ஊரே கொடியும் பூச்சட்டியுமாக வந்து நிற்கும். போன வாரமே புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது, சின்னக் கற்களில் பெயர் தெரியவில்லை. பக்கத்து வீட்டு டுவெய்ன், தன் புது வண்டியில் ஒரே மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சர்ச் வாசலில் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டான். உன் அப்பாவின் முறையை டுவெய்ன் வெட்டுவதா. அதைவிட அந்தப் புல்லுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை அவனே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வீட்டில் ஒரு என்ஜின் செத்தால் கழுகு மாதிரி மோப்பம் பிடித்து வருகிறவன். முன்னூறு பவுண்டுக்குக் குறையாத ஆள். ஏறி உட்கார்ந்ததும் டிராக்டர் முனகியது, ஆனால் ஓடியது. மேட்டில் ஏறினான், இறங்கினான், மறுபடி வேண்டுமென்றே ஏறினான். ஒன்றும் ஆகவில்லை. இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "மெஷின்ல ஒண்ணுமில்ல ஹார்லன். கோளாறு மேல உக்காந்திருக்கு" என்றான். "உன்னை ஏத்திக்கிட்டா அதுக்குச் சாகக்கூட பயமா இருக்கும்டா" என்றார் இவர். நல்ல பதில்தான். ஆனால் உடனே இவர் ஏறி உட்கார்ந்து மேட்டுக்குப் போனார், அது செத்தது, டுவெய்ன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்று இரவு மீன் வறுவல். இவர் தட்டில் இருந்தது பாதி நாய்க்குப் போனது. கோபத்தைச் சாப்பாட்டில் காட்டுகிற ஆண்கள் எனக்கு எப்போதும் அலுப்பு. அப்படித்தான் நினைத்தேன். இந்த வரியை மறக்காதே, திரும்பி வருகிறேன்.

டிராக்டருடன் வந்த கையேடு பேட்டரிகளும் மெழுகுவர்த்திகளும் கிடக்கிற இழுப்பறையில் இருபது வருடமாகத் தூங்கியது. இந்த வட்டாரத்தில் கையேட்டைப் படிப்பது ஆண்மைக்கு இழுக்கு. நான் படித்தேன். பதினான்காம் பக்கம். இருக்கைக்கு அடியில், உட்கார்ந்தவர் எடையில் அழுந்தியிருக்கிற ஒரு சுவிட்ச். பிளேடு சுழலும்போது ஆள் இறங்கினாலோ விழுந்தாலோ அது என்ஜினை நிறுத்தும். அவ்வளவுதான். ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் அவரிடம் காட்டினேன். சுவிட்சை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது என்றார். உண்மை. சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. எனக்கு ஒரு சோதனை தோன்றியது. கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்கு வாங்கி வைத்திருந்த நாற்பது பவுண்டு உப்பு மூட்டையை இழுத்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டு என்றேன். கிறுக்கா உனக்கு என்றார். டுவெய்ன் பார்ப்பான் என்றார். பார்க்கட்டும் என்றேன். உன் அப்பா ஒரு உப்பு மூட்டையைக் கைக்குழந்தை மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்புறத்தில் வட்டமடித்தார், மேரன். மேட்டில் ஏறினார். ஓடியது. மறுபடி. ஓடியது. நான் புறக்கடைப் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

மூன்றாவது சுற்றில் சிரிப்பு நின்றது.

மூட்டை இல்லாமல் இருபது வருடம் அதே மேட்டில் ஓடிய இருக்கை. அதே மேடு. அதே ஸ்பிரிங். அதே மனிதர் என்று நினைத்திருந்தேன். தோளில் வார் போட்ட அந்த வேலைக் கால்சட்டை, கிழமைக்கு ஒன்றாக ஏழும் ஒரே நிறம், உள்ளே எவ்வளவு ஆள் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும். வார் இரண்டும் கடைசித் துளைக்கு வந்திருந்தன. நாயின் வயிறு தரையைத் தொடுகிறது. மூன்று வாரமாக அவரைக் கண்ணில்லாதவர் என்று திட்டிக்கொண்டிருந்தவள் நான். ஒரு தகர இருக்கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவருக்கும் புரிந்துவிட்டது. மூட்டையை இறக்கினார். கொட்டகைக்குப் போய் கட்டிங் பிளேயர் எடுத்து வந்தார். சுவிட்சின் இரண்டு கம்பியையும் வெட்டி ஒன்றாக முறுக்கிவிட்டால் என்ஜின் எதையும் கேட்காது. இந்த ஊரில் பாதி டிராக்டர்கள் அப்படித்தான் ஓடுகின்றன, டுவெய்னின் பழையதும் அப்படித்தான். நாலு நிமிஷ வேலை, முறையை முடித்துவிடுவேன், தள்ளி நில் என்றார். நான் தள்ளிப் போகவில்லை. டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "அந்தக் கம்பிய முறுக்கிட்டா அப்புறம் நீ இருக்கியா இல்லையான்னு யாருக்குமே தெரியாது, ஹார்லன்" என்றேன். பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு டிராக்டரின் மூக்கைப் பார்த்துச் சொன்னார். "கிறிஸ்துமஸ்ல இருந்து சரியா முழுங்க முடியல. ரொட்டி தொண்டையிலயே நிக்குது. கல்லறை முறை முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்." கல்லறையில் புல்லை வெட்டி முடித்துவிட்டு உடம்பைக் கவனிக்கிறாராம். என் வாழ்நாளில் இதைவிட மடத்தனமான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை, அதையும் அவரிடமே சொன்னேன், கத்தியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

குளியலறை எடைக் கருவியில் ஏற்றினேன். நூற்று அறுபத்தொன்பது பவுண்டு. போன அக்டோபரில் காய்ச்சல் தடுப்பூசி போட்டபோது எழுதிய அட்டையில் இருநூற்று எட்டு. கழித்துப் பார்க்க எனக்குத் தாள் தேவைப்படவில்லை. உப்பு மூட்டைக்கு ஒரு பவுண்டு குறைவு.

அடுத்த புதன் காலை ஒன்பதரைக்குப் பெரிய மருத்துவமனையில் நேரம் வாங்கியிருக்கிறேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி நான் எழுதப் போவதும் இல்லை, பார்ப்பதற்கு முன்பே கோளாறைச் சொல்கிறவர்கள் இந்த ஊரில் போதுமான அளவு இருக்கிறார்கள். முறையை நேற்று நான் முடித்தேன். எனக்கு அது ஒரு தடவைகூட நிற்கவில்லை, என் எடையை இந்தக் கடிதத்தில் தேடாதே. அவர் கைக்கத்தரியோடு கற்களைச் சுற்றி வெட்டிக்கொண்டு வந்தார், மூன்று கல்லுக்கு ஒரு முறை உட்கார்ந்தார், உட்கார்ந்த நேரமெல்லாம் என் வரிசை கோணல் என்றார். கோணல்தான். டுவெய்ன் லாரியை நிறுத்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், எங்கள் இருவரையும் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், பிறகு இன்னொரு கத்தரியை எடுத்துக்கொண்டு எதிர்க்கோடியிலிருந்து வெட்ட ஆரம்பித்தான். அவனைப் பற்றி மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை. இதையும் சேர்த்துப் படி.

உடனே விமானம் ஏறாதே. நீ வந்து நின்றால் அவர் பயந்துவிடுவார். வேளாவேளைக்குச் சாப்பிடு, தனியாகச் சாப்பிடுகிறவர்கள் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள், நீ உட்கார்ந்து சாப்பிடு. ஒன்றே ஒன்று மறக்காதே. புதன் மாலை போன் செய். உடம்பைப் பற்றிக் கேட்காதே, நலம் என்பார். டிராக்டர் ஏன் நின்றது என்று கேள். ஒரு இயந்திரத்தைப் பற்றி உன் அப்பா இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை.

கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
ஆர்லிஸ்

பி.கு. கம்பியை யாரும் முறுக்கவில்லை. சாவி என் ஏப்ரன் பையில் இருக்கிறது. அவர் எழுந்துவிட்டார், யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கிறார்.