ஃபராய் வீட்டில் நான் விட்ட பகிடி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கௌசலாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழையைப் பார்த்துக் கூடிக் குறைகிறது. கிறைஸ்ட்சர்ச் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், எனக்கு வரிசை தவறிவிடும். உன்னைக் கேட்காமல் உன் சார்பிலும் ஒன்றை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். சரியா பிழையா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் மாடியில் கடைசி வீட்டு ஃபராய் போன வாரச் சனிக்கிழமை மாரடைப்பில் இறந்துபோனார். சிம்பாப்வேக்காரர், தனியார் கல்லூரியில் கணக்குக் கற்பித்தவர், ஐம்பத்திரண்டு வயதுதான். நீ போன வருடம் வந்தபோது லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு உன் குடும்பத்தில் ஒருவர் விடாமல் நலம் விசாரித்தாரே, அவர்தான். நான்கு வருடமாகக் காலை ஆறே முக்காலுக்கு அவரும் நானும் ஒன்றாக இறங்கி, கீழே மாமாக் கடையில் தேநீர் குடித்துவிட்டு வருவோம். அவர் மனைவி ரூடோவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருப்பதால் ஒன்றரை மாதத்துக்கு விமானம் ஏறக்கூடாது, தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊரில் ஃபராயின் வயதான தாய் காத்திருக்கிறார், அத்தனை நாள் உடலை வைத்திருக்க முடியாது. எனவே வியாழக்கிழமை உடல் மட்டும் போக, ரூடோ இங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. புதன்கிழமை மாலை அந்த வீட்டில் நடக்கப்போவதுதான் அவர் பார்க்கக்கூடிய ஒரே செத்தவீடு. அதையும் குனிந்த தலையோடு காதால்தான் பார்க்க வேண்டும்.

அவர்களுடைய முறைகளை அந்த நான்கு நாளும் கவனித்தேன், துக்க வீட்டில் இப்படி வேடிக்கை பார்ப்பது தவறோ என்ற கூச்சத்தோடுதான். முதல் நாளே செர்டாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் அவர்கள் நாட்டு ஆட்கள் வந்து சோபாவையும் மேசையையும் வெளியே தூக்கி வைத்துவிட்டார்கள், பெண்கள் எல்லாரும் ரூடோவைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். வருகிறவர்கள் வாசலில் எதுவும் பேசுவதில்லை. உள்ளே வந்து அமர்ந்து, கையைக் குவித்து மெதுவாகத் தட்டிவிட்டு, ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஆறுதலாக ஒரே ஒரு சொல் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் துக்க வீட்டு அடுப்பை மூட்டாமல் அயலவர் சாப்பாடு கொண்டுபோவோம், அங்கே அயலவர்களே வந்து அந்த வீட்டு அடுப்பை மூட்டுகிறார்கள், உப்பு எங்கே என்றுகூட ரூடோவைக் கேட்கவில்லை. சோள மாவில் களி கிண்டினார்கள், அம்மா கொண்டுபோன இடியப்பத்தையும் சொதியையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் பரிமாறினார்கள். நடைபாதையில் சோபா வைக்கக்கூடாதுலா பாஸ் என்று சொல்ல வந்த நேபாளிக் காவலாளியை அதே சோபாவில் உட்காரவைத்துக் கையில் தட்டைக் கொடுத்துவிட்டார் மாய் சிப்போ. மாய் சிப்போ என்றால் சிப்போவின் அம்மா என்று பொருளாம், கிள்ளானில் தையல்கடை வைத்திருப்பவர், அங்கே எல்லாம் அவர் சொல்படிதான்.

செவ்வாய்க்கிழமை அவர் நம் வீட்டுக்கே வந்தார். அவர்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாஹ்விரா என்று ஒரு நண்பர் உண்டாம், இரத்த உறவு கிடையாது. சாவு வீட்டில் இறந்தவரைப் போல நடந்து, பேசி, அவருடைய குறைகளையும் சேர்த்து நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பது அவர் கடமையாம். அப்படிச் சிரிக்காமல் அனுப்பினால் நண்பன் இல்லாத மனிதனை அனுப்பியது போலாம். ஃபராய் வீட்டுச் சாஹ்விரா ஊரில் இருக்கிறார், அங்கே அடக்கத்தில் செய்வார், ஆனால் ரூடோவுக்கு இங்கே யார் செய்வது, காலையில் தினமும் கூடப் போனவர் நீங்கள்தானே அங்கிள் என்றார். நான் தலையாட்டினேன். அவர் போனதும் அம்மா, இஞ்சருங்கோ, செத்தவீட்டில போய்ப் பகிடி விடப் போறீங்களோ, உங்களுக்கு என்ன விசரோ, கலியாண வீட்டிலேயே வாய் திறக்காத மனுசன் என்று பிடித்துக்கொண்டா. அம்மா சொன்னதில் பிழை இல்லை. நானும் கோழைத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன், இரண்டு பக்க இரங்கல் உரை ஒன்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொண்டேன். கேட்டது விளங்கியது, ஆனால் ஒழுங்கான உரையாக இருந்தால் அதையே ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ரூடோ ஒரு தலையணையை மடியில் வைத்து அதில் நெற்றியை அழுத்திக் குனிந்திருந்தார். நான் எழுந்து முதல் பத்தியை வாசித்தேன், அவர் கடமை தவறாத கல்வியாளர் என்றெல்லாம். மாய் சிப்போ, அங்கிள், நீங்கள் யாரோ மந்திரியைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் ஃபராய் எங்கே என்றார். ஒரு பையன், அவர் கடமை தவறாதவர் என்றால் எங்கள் விடைத்தாள்கள் மூன்று மாதமாக எங்கே கிடந்தன என்றான், சிலர் சிரித்தார்கள். ரூடோ நிமிரவில்லை, தலையணை விளிம்பை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தார், அதைப் பார்த்தபோது உட்காரவும் முடியவில்லை.

எப்படிச் செய்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சமையலறை வாசலில் காலை நீட்டி லிஃப்ட் கதவைத் தடுப்பது போல நின்றேன். அவர் குரல் அடிவயிற்றிலிருந்து வரும், என் தொண்டையில் அது வராது, இருந்தாலும் முயன்றேன். மை பிரதர், மனைவியின் முழங்கால் எப்படி, மாடிப்படிப் பூனை எப்படி, நியூசிலாந்து மகள் நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டுக்கொண்டே போனேன். நடுநடுவே கதவு மூட முடியாமல் லிஃப்ட் கத்துவதையும் நானே கத்திக் காட்டினேன். பிறகு, பதறாதீர்கள் பிரதர், லிஃப்டுக்கு வேலைக்குப் போகிற அவசரம் இல்லை என்று அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். காவலாளிதான் முதலில் வெடித்துச் சிரித்தான், ஃபராயால் தினமும் லிஃப்ட் பழுதாகும் என்று பயந்தவன் அவன். அப்புறம் எல்லாரும். அந்தச் சத்தத்துக்குள் தலையணையில் இருந்து ரூடோவின் குரல் வந்தது. தவறு, அவர் பூனையை மகளுக்கு முன்னால் கேட்கமாட்டார், முதலில் மகள், திரும்பச் செய்யுங்கள் என்றார். திரும்பச் செய்தேன். சிரிப்பில் ரூடோவின் தோள் குலுங்கியது, பிறகு அதே குலுக்கல் அழுகையாக மாறியது, ஐந்து நாளில் அதுதான் முதல் அழுகையாம். பெண்கள் அவரைத் தாங்கிக்கொண்டு பாடத் தொடங்கினார்கள். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன், இப்போது இல்லை என்கிறா. வீட்டுக்கு வந்ததும் குளிக்கச் சொன்னா, குளித்தேன்.

வியாழக்கிழமை உடல் போய்விட்டது. நேற்று மாய் சிப்போ வந்து நன்றி சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். இது ஒரு நாள் வேலை இல்லையாம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் உண்டான உறவாம், பிள்ளைகளுக்கும் தொடருமாம். என் காலம் வரும்போது ஊரில் இருக்கும் ஃபராயின் பிள்ளைகளோ, இங்கே உள்ள அவர்கள் ஆட்களோ வந்து அதே கடமையைத் திருப்பிச் செய்வார்களாம், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றுவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

மகள், பயப்படாதே, எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு நாள் நீ வந்து நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து என்னைப் போலத் தொண்டையைக் கனைத்து, கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்த்தால் கோபப்படாதே, தடுக்காதே. பிழையாகச் செய்தால் மட்டும் எழுந்து திருத்து, உனக்குத்தான் தெரியும்.

கந்தசாமி கோயிலில் உங்கள் எல்லார் பெயரிலும் அர்ச்சனை செய்தேன். பிள்ளைகளுக்கு ஆசி. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ரூடோவுக்கு இரண்டு வரி எழுது, முகவரி நம்முடையதுதான், வீட்டு எண் மட்டும் பன்னிரண்டு.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா,
சிவசம்பு