முப்பத்தேழு பேருக்கும் ஒரே அம்மா

ஜூலை 14, திங்கள்

ராஜலட்சுமி மேடம் பிரசவ விடுப்பில் போய்விட்டார். அவருடைய கட்டுரை வகுப்பு என் தலையில். "எனக்குத் தமிழ்லாம் வராது சார், நான் மெக்கானிக்கல்" என்றேன். பிரின்சிபால் கோதண்டராமன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்ப இன்னா பாஷையில சொன்னீங்க? அது போதும்."

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் நாலு வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவன். லைனை மூடினார்கள், பாலிடெக்னிக் வாத்தியார் ஆனேன். இப்போது தமிழ் வாத்தியார். அடுத்து என்ன, கேண்டீனா?

ஜூலை 17, வியாழன்

மேடம் விட்டுப்போன திட்டத்தின் பெயர் கலப்புக் கட்டுரை. ஒரே விஷயத்தைப் பல வடிவங்களில் எழுத வேண்டும். விண்ணப்பம், கேள்வித்தாள், உரையாடல், செய்தி, கவிதை, எதையும் கலக்கலாமாம். ஒரே வண்டியில் லாரி டயரும் ஆட்டோ ஹாரனும்.

மூன்றாம் ஆண்டு, முப்பத்தேழு பேர். இருபது மார்க். பத்துக்குக் கீழே போனால் கம்பெனிப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள்.

"சார், கவிதை எத்தினி வரி?" என்றான் லோகேஷ்.

"பன்னெண்டு. கூடக்குறைய ரெண்டு."

இரும்புத் துண்டின் அளவுக்குக் கொடுப்பதுபோல் டாலரன்ஸ் கொடுத்துவிட்டேன். கவிதைக்கு.

ஜூலை 22, செவ்வாய்

மேடம் ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் திட்டினார். "வரியா எண்ணச் சொன்னீங்க? ஒரு வடிவத்துல சொல்ல முடியாததை இன்னொண்ணு சொல்லணும் சார். இல்லைன்னா எதுக்கு அஞ்சு?"

அட, இது மெஷின் டிராயிங்தானே! முன்பக்கத் தோற்றத்தில் தெரியாத துளை மேல்தோற்றத்தில் தெரியும். அதற்குத்தான் மூன்று படம் போடுகிறோம். முதலிலேயே இப்படிச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஜூலை 24, வியாழன்

போர்டில் ஒரு லீவ் லெட்டர் எழுதினேன். 'காய்ச்சல் காரணமாக...'

"இதுல எது தெரியலை?"

"காய்ச்சலே இல்லன்றது சார்" என்றான் நிலவன்.

"அது எதுல தெரியும்?"

"இன்ஸ்டாவுல சார்."

வகுப்பே சிரித்தது. புரிந்துவிட்டது அவர்களுக்கு. நான் பிறவி வாத்தியார் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கட்டுரைகள் வந்தன. முதலாவதைப் படித்ததில் டீ ஆறிப்போனது.

ஒரு அம்மா. காருக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் ஆறு வருஷமாகக் காண்டிராக்ட் வேலை. நிரந்தரமாக்காமல் இருக்கப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். முதல் வடிவம் வேலை விண்ணப்பம்: 'முன் அனுபவம்: இல்லை.' இரண்டாவது, புதியவர்களுக்கு வைக்கும் தேர்வு: 'ஒயர் முனையில் பின் இறுகியிருப்பதை எப்படி அறிவாய்?' அம்மாவின் பதில்: 'சத்தத்திலேயே தெரியும்.' சிவப்பு மையில் பூஜ்யம். இழுத்துப் பார்க்க வேண்டுமாம். மூன்றாவது, டிரெய்னரோடு உரையாடல்.

"அக்கா, ஒயரை எப்படிப் புடிக்கணும்னு சொல்லட்டா?"

"சொல்லு கண்ணு. போன வருசம் நான் உனுக்குச் சொன்னேனே, அப்டியே சொல்லு."

கவிதை சரியாகப் பன்னிரண்டு வரி. அதுவும் நன்றாகவே இருந்தது. பத்தொன்பது போட்டேன்.

இரண்டாவது பேப்பரை எடுத்தேன். அதே அம்மா. மூன்றாவதிலும் அதே அம்மா. முப்பத்தேழிலும்! ரெக்கார்டு நோட்டைக் காப்பியடிப்பதுபோல் பெற்ற தாயைக் காப்பியடித்திருக்கிறார்கள். ரோல் நம்பர் மட்டும் வேறு.

தடிப் பசங்க.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பயிற்சிக்கு ஆள் எடுக்கப் பதினாலாம் தேதி ஒரு ஒயர் கம்பெனி எச்.ஆர். வருகிறார், நல்ல கட்டுரைகளை ஃபைல் போட்டு மேஜையில் வையுங்கள் என்றார் பிரின்சிபால். நேராக வகுப்புக்குப் போய்க் கத்தினேன்.

"எழுதின ஆள் எழுந்திரு. உனக்குப் பத்தொன்பது. உன் பேப்பர் பேரோட ஒயர் கம்பெனி எச்.ஆர். கைக்குப் போகும். மத்த எல்லாருக்கும் முட்டை!"

பிறகு அஸ்வின் எழுந்தான்.

"எங்க அம்மா சார்."

அவன் அம்மா படப்பை பஸ் ஸ்டாப்பில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். தினமும் அங்கேதான் தின்கிறேன்.

"டேய், இன்னிக்கிக் காலையிலதான்டா அவங்ககிட்ட சட்னி கேட்டேன்."

"அது பார்ட் டைம் சார்."

நிலவன் எழுந்தான். "இல்ல சார், எங்க அம்மா." அவன் அம்மா பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ். அடுத்து லோகேஷ். அப்புறம் பெஞ்சு பெஞ்சாக. என்னைக் கலாய்க்கிறார்கள் என்று சாக்பீஸை ஓங்கினேன். ஓங்கிய கை நின்றது.

லைனில் நாலு வருஷம் செய்தது ஒரே வேலைதான்: வித்தியாசமான பீஸைக் கண்டுபிடிப்பது. முப்பத்தாறு பேர் நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். யுவஸ்ரீ. டெஸ்க்கையே பார்த்தபடி.

"உக்காருங்கடா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

பைக் ஸ்டாண்டில் நிலவன் பிடித்துக்கொண்டான். "கோச்சுக்காத சார். யுவஸ்ரீயோட அம்மா அதே கம்பெனிதான். பதினெட்டாம் தேதி மறுபடி சேக்கறாங்க. இது எச்.ஆர். கண்ணுல பட்டா கேட்டோட அனுப்பிடுவான்."

"முன்னாடியே சொல்லித் தொலையறதுக்கு இன்னா?"

"எங்களுக்கே தெரியாது சார். ஞாயித்துக்கிழமை யுவஸ்ரீ குரூப்புல போட்டுச்சி, காப்பி அட்ச்சோம். நீ எச்.ஆர்.னதும் அது மூஞ்சி செத்துப்போச்சி. அஸ்வின் எழுந்தான், நாங்களும் எழுந்தோம். கிளாஸ் முடிஞ்சிதான் விஷயமே சொல்லிச்சி."

ஆகஸ்ட் 6, புதன்

பெரிய புடுங்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்னை.

ஆகஸ்ட் 7, வியாழன்

யுவஸ்ரீ ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். "எனக்கும் முட்டையே போட்டுடுங்க சார். டிரெய்னிங் வேணாம். அம்மாவுக்கு வேலை இருந்தாப் போதும்."

"நல்லா எழுதினதுக்கு முட்டை போட எனக்கென்ன பைத்தியமா? அந்த முப்பத்தேழும் என் பீரோவுல பூட்டியாச்சு. எவனுக்கும் காட்டப் போறதில்லை. ஃபைலுக்கு எல்லாரும் வேற எழுதுங்க." கிளம்பப் போனவளிடம் கேட்டேன். "ஆமா, உங்க அம்மாவுக்குக் கோவமே வராதா? கட்டுரையில அது எங்கயுமே இல்லையே."

"கவிதையில வெக்கலாம்னு இருந்தேன் சார். பன்னெண்டு வரி முடிஞ்சிபோச்சி."



ஆகஸ்ட் 12, செவ்வாய்

எல்லாருடைய போனையும் டிராயரில் போட்டு, என் முன்னாலேயே எழுதவைத்தேன். வரிக்கணக்குக் கிடையாது என்று போர்டில் பெரிதாக எழுதினேன்.

லோகேஷ் ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் பாதி உட்காருபவனைப் பற்றி எழுதியிருக்கிறான்: ஒரு புகார் மனு, ஒரு உடற்பயிற்சிக் குறிப்பு, ஒரு காதல் கடிதம். காதல் கடிதம் அவன் பிடித்துத் தொங்கும் கம்பிக்கு. சத்தமாகச் சிரித்தேன். பதினாறு. அஸ்வினுடையது குப்பை, ஆனால் அவனே போட்ட குப்பை. பத்து.

யுவஸ்ரீ சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டைப் பற்றி எழுதியிருந்தாள். சுமார். தெரிந்தே சுமாராக எழுதியிருந்தாள். பத்தொன்பது போட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எச்.ஆர். ஃபைலைத் திறந்தார், லோகேஷில் அரைப் பக்கம் படித்துச் சிரித்தார், டீ கேட்டார். அவ்வளவுதான். இதற்காகவா உயிரை விட்டோம்? இருபது பேரை எடுத்தார். யுவஸ்ரீயும் உண்டு.

பிரின்சிபால் விடவில்லை. "ரயில்வே கேட்டுக்கு எதுக்குய்யா பத்தொன்பது?"

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு சார்."

"அடுத்த செமஸ்டர் இந்த கிளாஸ் உமக்குக் கிடையாது."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இருபது பேரையும் கம்பெனியில் கொண்டுபோய் விட்டேன். கூட வந்த வாத்தியாரும் முதல் நாள் வகுப்பில் இருக்க வேண்டுமாம். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள், காண்டிராக்டில் புதிதாகச் சேருபவர்கள், எல்லாருக்கும் ஒரே ஹால்.

இரண்டாவது வரிசையில் யுவஸ்ரீ. பக்கத்து நாற்காலியில் நாற்பது வயதுப் பெண். கழுத்தில் புது அட்டை: 'அமலா – புதியவர்.' யார் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை, மூக்கு ஒரே அச்சு. ஆனால் அம்மாவும் மகளும் முன்பின் பார்த்திராதவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள்.

டிரெய்னருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அமலாவைப் பார்த்ததும் நெளிந்தான். ஒயரை எப்படிப் பிடிப்பது என்று காட்டினான். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு தேர்வு. பத்துக் கேள்விகள். ஏழாவதில் யுவஸ்ரீ பேனாவைக் கடித்தாள். அமலா திரும்பவே இல்லை. தன் தாளை ஒரு விரலால் மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினார். மகள் பார்த்து எழுதினாள்.

டிரெய்னர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.