விரலுக்கு எழுதிய பதில்

மைசூர், 8-9-1996

அன்பு மாமாவுக்கு,

தாளைத் தொட்டதுமே தெரிஞ்சிருக்கும். இது உங்க பெங்களூர் ஹாஸ்டல் வார்டன் படிச்சுக் காட்ட வேண்டிய கடிதம் இல்லைங்க. நானே பிரெய்லில, புள்ளி புள்ளியாக் குத்தினது.

அக்ரஹாரத்துல இருக்கிற ஹரிதா டீச்சர்கிட்டக் கத்துக்கப் போனேன். உங்களை மாதிரியே அவங்களுக்கும் பார்வை இல்லை. தமிழ் பேசுவாங்க, ஆனா படிச்சதெல்லாம் கன்னடம். எனக்கோ கன்னடத்துல ஒரு எழுத்தும் தெரியாது. எப்படி ஆகும்னு முழிச்சேன். சிரிச்சாங்க. புள்ளியில கன்னடத்து 'அ'வும் நம்ம 'அ'வும் ஒண்ணேதானாம்! பஸ் போர்டுல எனக்குப் பிடிபடாத கன்னடம், விரலுக்கடியில நம்ம எழுத்தா இருக்குதுங்க.

முதல்ல இடமிருந்து குத்திட்டேன், தாளைத் திருப்பினா எல்லாம் மாறிக் கிடந்துச்சு. பின்பக்கமிருந்து குத்தறதால வலமிருந்து வரணுமாம். அப்புறம் கண்ணை மூடித் தடவினேன். வெறும் மேடா இருந்தது, திடீர்னு 'மாமா'ன்னு ஆயிருச்சு.

இதுவரைக்கும் மழையும் காய்கறி விலையுந்தான் எழுதினேன். வார்டன் சத்தமாப் படிப்பாரு, பக்கத்துக் கட்டில்காரங்க கேப்பாங்க. போன மாசம் அவர் கையெழுத்துல நீங்க சொல்லி அனுப்பினதுக்கும் பதில் போடலை. 'கண்ணில்லாதவனோட உனக்கு எதுக்குக் கஷ்டம், கௌதள்ளிக்கு உங்கண்ணன் வீட்டுக்கே போயிடு'ன்னு சொல்லியிருந்தீங்களே.

பதில் இதுதானுங்க. நான் போகலை.

இந்த வரியை மட்டும் அழுத்திக் குத்தியிருக்கேன். தடவித் தடவித் தேஞ்சுபோச்சுன்னா சொல்லுங்க, மறுபடியும் குத்தி அனுப்பறேன்.

உங்க வீட்டுக்காரி