ஒரு கைப்பிடி என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா முழு நலம், நான் முக்கால் நலம், மீதிக் காலுக்காகத்தான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவருக்கும் விடிந்ததும் வரும் முதல் நினைப்பு அதுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் அழுதுவிடுவாய், அப்புறம் நானும் கெட்டேன். போன மாதம் நீ கேட்டபோது எடை குறைந்துவிட்டது, சர்க்கரையும் இறங்கிவிட்டது என்று சொன்னேன் அல்லவா, அது பச்சைப் பொய். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், கேட்க ஆள் இல்லை என்ற துணிச்சலில் அளந்துவிட்டேன். எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது.

ஆதியிலிருந்து சொல்கிறேன். சாரத்தின் மேல் எனக்குத் தலை சுற்றியதும், நாங்கள் ஆணி என்று கூப்பிடும் தச்சர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உட்கார வைத்ததும் உனக்குத் தெரியும், வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுவாரே, அவரேதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முழுதாகச் சொல்லவில்லை. மறுநாள் இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் வயதுப் பெண், மரியாதை தெரிந்தவர். டாக்டர் கையெழுத்து இல்லாம இனிமே உங்களை மேல ஏத்த முடியாதுங்க மேஸ்திரி, ரெண்டு மாசம் கீழ நின்னு பூசுங்க, பாப்போம், சரியாகலன்னா கேட்ல காவலுக்கு உக்காந்துக்கோங்க, வேலை எங்கயும் போகாது என்று நல்ல மனதோடுதான் சொன்னார். கேட் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது, ஒரு காலில் விரிசல், கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து, லாரி வந்தால் எழுந்து கதவைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். காவல் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை பாப்பா. ஆனால் முப்பத்து நாலு வருஷம் சுவரைப் பூசிய கை, வேறொருவர் பூசுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மடியில் சும்மா கிடக்காது. அங்கே மேடு இங்கே பள்ளம் என்று கீழேயிருந்து கத்தி நாலு பேர் வாயில் விழுவேன். அந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கட்டடம் ஐந்து மாடி, ஐந்தாவது மாடியின் வெளிப்பூச்சு என்னுடையது.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதிகம் என்று சொன்ன டாக்டர், முதலில் என் காலைச் சாப்பாட்டைத்தான் பிடித்தார். எண்ணெயில் பொரித்தது நாலு, சர்க்கரை தூக்கலாக டீ இரண்டு, இத்தனை வருஷமாக அதுதானே என் காலை. விஷயம் கேட்டதும் நீ ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாய், அந்தத் தாளை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு கைப்பிடி ஓட்ஸ், அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர், ஒரு கைப்பிடி பாதாமும் வால்நட்டும், அரைக் கைப்பிடி உலர்திராட்சை, கடைசியில் ஒரு ஆப்பிள், ஒரு சிட்டிகை பட்டைத்தூள், சர்க்கரை கிடையவே கிடையாது என்று அடியில் இரண்டு கோடு வேறு. அம்மா ஆறு மணிக்கே தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள், அதனால் அடுப்படியில் கேட்பார் மேய்ப்பார் இல்லாத ராஜ்யம் என்னுடையது. முதல் நாள் எனக்குத் தெரிந்த மாதிரி செய்தேன், உலர்ந்ததை எல்லாம் ஒன்றாகப் புரட்டி, நடுவில் குழி பறித்து, கண் அளவாகத் தண்ணீர் விட்டேன், எங்கள் சிமெண்ட் கலவை அப்படித்தானே. ஐந்து நிமிஷத்தில் கரண்டி அதில் தானாக நின்றது. சாயங்காலம் பாத்திரத்தைப் பார்த்த அம்மா, இத வச்சுக் குளியலறை ஓட்டையையாவது அடைச்சிருக்கலாமே, ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன் என்றாள். பாத்திரம் இரண்டு நாள் ஊறியது.

விட்டேனா பார் என்று மூன்றாம் நாளிலிருந்து உன் தாளை வரிவரியாகப் படித்துச் செய்தேன். பாதாமையும் வால்நட்டையும் எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறவிட்டுப் பொடிப்பொடியாக நறுக்குவேன். தண்ணீர் கொதித்த பிறகுதான் ஓட்ஸ், தீ சின்னதாக, அடியைச் சுரண்டிக் கிளறியபடியே. திராட்சையைப் பாதியில் போட்டால் ஊறிப் பருத்து அதுவே இனிப்புக் கொடுத்துவிடுகிறது. முக்கியமான ஒன்றை நீ எழுதவில்லை, நானே கண்டுபிடித்தேன், பூச்சைப் போல இதுவும் கொஞ்சம் பொறுத்துத்தான் இறுகுகிறது, அதனால் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் மூடி வைக்க வேண்டும். ஆப்பிளைத் தோலோடு நறுக்கி மேலே போட்டு, டப்பாவில் எடுத்துக்கொண்டு போவேன். ஒன்பது மணிக்கு மற்றவர்கள் கடைக்குப் போக, நான் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். என்ன மேஸ்திரி, பசை காய்ச்சி எடுத்துட்டு வந்திருக்கீங்க, போஸ்டர் ஒட்டப் போறீங்களா என்று ஆணி கேட்டார். ஒரு வாய் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டார். ஆனால் இன்னொன்றும் கேட்டார், இவ்ளோவும் ஒரு ஆளுக்கா என்று. எம் பொண்ணு எழுதினது, ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறவ, அளவு பிசகாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த நெஞ்சுதான் ஒரு மாதம் கழித்து டாக்டர் முன்னால் சுருங்கியது.

டாக்டர் பரிசோதனைத் தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். காலையில் என்ன சாப்பிடுறீங்க என்றார், ஓட்ஸ் என்றேன். கொட்டை வகை எவ்வளவு என்றார், ஒரு கைப்பிடி என்றேன். அது சரியான அளவுதானே, அப்ப வேற எங்கயோ தப்பு நடக்குது என்று எழுதிக்கொண்டே சொன்னார், நிமிர்ந்து என் கையைப் பார்த்திருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது பாப்பா, சொல்லிவிடுகிறேன். கேட்டில் இருக்கும் நாற்காலி கண் முன்னால் வந்து வந்து போக, வீட்டுக்கு வந்ததும் உன் தாளைக் கிழித்துப் போடப் போனேன். ஒட்டியவன் நான் அல்லவா, வரவில்லை. ஒரு ஓரம் மட்டும் கிழிந்தது, உன் கையெழுத்து தப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போனில் கேட்டாய், நான் அளந்தேன்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அம்மா வீட்டில் இருந்தாள். நான் அடுப்படியில் நின்று பாதாம் டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளியதைப் பார்த்துவிட்டு, நில்லுங்க, கையைத் திறங்க என்றாள். மேஜை மேல் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தொன்று. பிறகு தன் கையை விட்டு அள்ளி அதையும் எண்ணினாள். பன்னிரண்டு. உன் தாளில் எல்லாமே கைப்பிடிக் கணக்கு, ஓட்ஸும் கைப்பிடி, கொட்டையும் கைப்பிடி, திராட்சையும் கைப்பிடி. கையுறை வாங்கப் போனால் என் அளவுக்குக் கடையில் இருக்காது என்பது உனக்கே தெரியும். விகிதம் சரியாக இருந்ததால் ருசியும் சரியாக இருந்தது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, மொத்தம்தான் கிட்டத்தட்ட மூன்று ஆள் சாப்பாடு. மாதம் முழுக்க மூன்று பேருக்குச் சமைத்து நான் ஒருவனே தின்றிருக்கிறேன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து நாற்காலியைத் தேடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரி என்று பெயர், அளவில் தோற்றிருக்கிறேனே.

அன்றிலிருந்து அம்மாவின் கைப்பிடிதான். முந்தின நாள் மாலையே அவள் அளந்து டப்பாவில் போட்டு வைத்துவிடுவாள், நான் அதைத் தாண்டி ஒரு திராட்சைகூடத் தொடவில்லை. முதல் வாரம் பதினோரு மணிக்கெல்லாம் வயிறு என்னோடு சண்டைக்கு வந்தது. ஆணி பாவம் பார்த்துப் பொரித்தது ஒன்றை நீட்டினார், என் எதிரிகூட இந்த வேலை செய்ய மாட்டான் என்று தள்ளிவிட்டேன். டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன், டீ மருந்து மாதிரி இருக்கிறது, குடிக்கிறேன். இன்றைக்கு இரண்டாவது பரிசோதனை. ஏறிய இரண்டு கிலோவும் இறங்கி, அதற்கு மேல் ஒன்றரையும் இறங்கியிருக்கிறது. ரத்த அழுத்தம் அடங்கிவிட்டது, சர்க்கரை இன்னும் முரண்டு பிடிக்கிறது. ரெண்டு மாடி வரைக்கும் போகலாம், அதுக்கு மேல இப்போதைக்கு வேண்டாம், அடுத்த மாசம் பாக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். நேராக வேலைக்குப் போய் இன்ஜினியரிடம் தாளைக் கொடுத்தேன், படித்துவிட்டு, அப்ப வாங்க மேஸ்திரி என்று தலைக்கவசத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது மாடிச் சாரத்தில் நின்று, சுவர் நேரா என்று பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன் பாப்பா, ஆடாமல் நின்றது. கீழே பார்த்தேன், நாற்காலி காலியாகக் கிடந்தது. இன்னும் மூன்று மாடி இருக்கிறது, ஏறாமல் விடப் போவதில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பேச்சுவாக்கில், காலையில ஒரு காப்பியைக் குடிச்சிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுறேன் என்று சொல்லி நீயே மாட்டிக்கொண்டாய். அப்பனுக்கு ஒரு பக்கம் எழுதியவள் வெறும் வயிற்றோடு அடுத்தவர் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தால் எப்படி. பத்து நிமிஷம் முன்னால் எழுந்தால் போதும், அதைச் செய். நீ சாப்பிட்டாயா என்று இனி ஞாயிறுதோறும் நான் கேட்பேன், என்னைப் போல அளந்துவிடாதே. இன்னொரு சிக்கல், அதை நீதான் தீர்க்க வேண்டும். என் கை முப்பத்தொன்று, அம்மா கை பன்னிரண்டு, எழுதியவள் நீ, எனவே அளவு உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறேன். நீ பிறந்தபோது நர்ஸ் உன் விரலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்படியே அப்பா கை என்று சொன்னார், அதைச் சொல்லிச் சொல்லி, அவ கையும் உங்க கை மாதிரிதான் இருக்கும், அப்ப அவ எழுதினதே தப்பு என்று அம்மா கிண்டல் செய்கிறாள். நீ அந்தக் குளிர் ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, உன் கை இப்போது எவ்வளவு இருக்கும் என்று கண்ணை மூடி யோசித்தேன், சரியாக வரவில்லை. ஒரு சுவரைப் பார்த்த பார்வையில் அளவு சொல்லுகிறவனுக்கு இது வரவில்லை. அதனால் ஒரு வெள்ளைத் தாளில் உன் வலது கையை வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு. விரலைச் சேர்க்காதே, விரித்து வை. பென்சிலை நேராகப் பிடி, சாய்த்தால் அளவு கூடிவிடும். மடிக்காமல் பெரிய உறையில் போடு. ஆணியிடம் பலகை கேட்டிருக்கிறேன், அந்த அளவுக்கு ஒரு சின்ன அளவுப் பெட்டி செய்து அடுப்பருகில் வைத்துக்கொள்வேன்.

நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நீ நீண்ட காலம் நன்றாக இரு. அம்மா தன் ஆசிகளையும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். கையை வரைந்து அனுப்ப மறந்துவிடாதே. அளவுக்காக மட்டும்தான் கேட்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடியிலிருந்து
உன் அப்பா