ரேஷன் ஆபீசில் கேட்ட கேள்வி

திருவனந்தபுரம்
12.7.2001

அன்பு மகன் செல்வகணேஷுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஷார்ஜாவில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் முத்தாரம்மன் காக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்பாவுக்குக் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, தம்பானூர் ஓட்டலில் அவர் பார்த்த அடுப்படி வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நான் சாலை பஜாரில் ஒரு கடையில் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போகிறேன், கை எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். உனக்குக் கம்பெனியில் சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நேரம் பார்த்து நம் ரேஷன் கார்டை வசதிக்காரர் கணக்கில் தள்ளிவிட்டார்கள், இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற மலிவு அரிசி இனி நமக்குக் கிடையாதாம். கடை விலைக்கு வாங்கி நமக்குக் கட்டுமா? எல்லாம் உங்கப்பா செய்த வேலை. வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவரை உட்காரவைத்து, பக்கத்து வீட்டு சுசீலாபாயிடம் கப்பு சாசர் இரவல் வாங்கி டீ கொடுத்து, என் மகன் கல்ஃபில் இருக்கிறான் என்று, நீ யார் காரிலோ சாய்ந்து நிற்கிற போட்டோவை எடுத்து நீட்டியிருக்கிறார். வந்தவர் உனக்குப் பெண் கொடுக்க வந்தார் என்று நினைப்பு! அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். இப்போது அப்பாவைக் கேட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், திட்டவும் மனசு வரவில்லை.

நேற்று சுசீலாபாய் என்னை ரேஷன் கார்டு மாற்றித் தருகிற சப்ளை ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். மகன் காசு அனுப்புறதில்ல, எங்களை ஏறிட்டும் பாக்குறதில்லன்னு அழுது சொல்லுக்கா, அப்பத்தான் மாத்தித் தருவாங்க என்றாள். பஸ்ஸில் அதையே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். அங்கே இருந்த சார் தங்கமான மனுஷர், மோன் நோக்குந்நில்லே அம்மே, மகன் பாத்துக்கறதில்லையா, ஒண்ணும் அனுப்பறதில்லையா என்று இரக்கமாகத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். பாவி எனக்கு வரவில்லையே! பொன்னு போல பாத்துக்கிறான் சாரே என்று சொல்லிவிட்டேன். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சுசீலாபாய்தான் விடாமல் மன்றாடினாள், மகன் கைப்பட எழுதி அனுப்பினால் பார்க்கலாம் என்றாராம். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டித் தீர்த்தாள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அதனால் ராசா, நீயே எழுதிவிடு. அப்பா அம்மாவுக்கு நான் ஒன்றும் செய்வதில்லை, எனக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. சுசீலாபாய் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு, அப்பா கண்ணில் பட்டால் தாங்கமாட்டார்.

வெறும் குபூஸ் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடாதே, கடன்பட்டாவது ஒரு வேளை சோறு சாப்பிடு. நீ தீர்க்காயுசாக நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே மக்கா, அந்தக் கடிதத்தோடு தனியாக ஒரு துண்டுத் தாளில், அதில் எழுதியது எல்லாம் பொய் அம்மா என்று எனக்கு ஒரு வரி எழுதி வை.

உன் அம்மா
நாச்சியார்